பாதையும் பாலமும் மின்சாரமும்: வெருகல் உணர்த்தும் திட்டமிடல் பாடம்

திருகோணமலையிலிருந்து கரையோரமாக மட்டக்களப்புக்குச் செல்லும் ஏ-15 வீதியில் இன்று பயணம் செய்யும் இளைஞர் ஒருவருக்கு, 'பாதை' என்ற சொல்லுக்கு இப்பிரதேசத்தில் வேறொரு பொருளும் இருந்தது என்பது தெரிந்திருக்க நியாயமில்லை. கிண்ணியாவிலும் உப்பாற்றிலும் கங்கையிலும் இறால்குழியிலும் வெருகலிலும் வாகனங்களையும் மனிதரையும் சுமந்தபடி நீரின் மேல் கரைக்குக் கரை நகர்ந்த மிதவையையே எம்மவர் பாதை என்றனர். பாதை அக்கரையில் நின்றால் இக்கரையில் காத்திருக்க வேண்டும். ஆறு பெருகினால் பாதை ஓடாது. இரவானாலும் ஓடாது. பிரசவ வலியோடு வந்த தாயும், சந்தைக்கு மீன் கொண்டு வந்த வியாபாரியும், பரீட்சைக்குப் புறப்பட்ட மாணவனும் அந்தத் துறையடியில் ஒரே வரிசையில்தான் நின்றனர். அவர்களில் தமிழரும் முஸ்லிம்களும் இருந்தனர். சேருவில பக்கத்துச் சிங்கள விவசாயிகளும் இருந்தனர்.

2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறந்துவைக்கப்பட்டது. சவூதி அரேபியாவின் நிதியுதவியுடன் 396 மீற்றர் நீளத்தில் அமைந்த அது, அப்போது நாட்டின் மிக நீளமான பாலமாக இருந்தது. அதனைத் தொடர்ந்து பிரான்ஸ் அபிவிருத்தி முகவர் நிலையத்தின் உதவியுடன் வெருகல் உட்பட எஞ்சிய துறைகளுக்கும் 2011இல் பாலங்கள் கிடைத்தன. மகாவலி தனது கடைசி நடையில் கிளைபிரிந்து கடலை நாடும் அந்தத் தாழ்நிலத்தில், தலைமுறைகளாக நீடித்த துண்டிப்பு இரண்டே ஆண்டுகளில் நீங்கிற்று. நாட்டின் முதலாவது அதிவேக நெடுஞ்சாலையான தெற்கு நெடுஞ்சாலை திறக்கப்பட்டதும் அதே 2011ஆம் ஆண்டில்தான் என்பதை எண்ணிப் பார்ப்பது பயனுடையது. தலைநகரிலிருந்து காலிக்குப் பயண நேரம் குறைந்த அதே ஆண்டில்தான் வெருகல் மக்களுக்கு ஆற்றைக் கடப்பதற்கான உரிமையே கிட்டியது.

இந்த ஒப்பீட்டை நாம் மனக்குறையாக முன்வைக்கவில்லை. வளர்முக நாடொன்றில் வீதியும் மின்சாரமும் எவ்வாறு திட்டமிடப்படுகின்றன, எவ்வாறு திட்டமிடப்பட வேண்டும் என்ற கேள்விக்கு, கொழும்பின் மாநாட்டு மண்டபங்களைவிட வெருகல் ஆற்றங்கரை தெளிவான விடையைத் தருகிறது என்பதாலேயே இங்கிருந்து தொடங்குகிறோம். வெருகலிலிருந்து கிண்ணியா வரையிலான இச்சிறு நிலப்பரப்பினுள் திட்டமிடலின் வெற்றியும் உண்டு, தோல்வியும் உண்டு, துயரமும் உண்டு.

வெற்றியை முதலில் பார்ப்போம். பாலங்கள் ஏன் பயன் தந்தன? அவை அழகானவை என்பதாலோ பெரியவை என்பதாலோ அன்று. தேவை முன்கூட்டியே தெரிந்திருந்தது. எத்தனை வாகனங்கள், எத்தனை மனிதர்கள், எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்பதைத் துறையடியில் நின்று எவரும் கண்ணால் காண முடிந்தது. ஒரு துறைக்கு மாத்திரம் பாலம் அமைத்துவிட்டு மற்றவற்றை விட்டிருந்தால் பயன் கிடைத்திராது; வழி முழுவதும் ஒரே தொடராக நோக்கப்பட்டது. சங்கிலியின் பலம் அதன் மிக நலிந்த கண்ணியிலேயே தங்கியுள்ளது என்ற எளிய உண்மை அங்கு மதிக்கப்பட்டது.

அதே மண்ணில், அதே கிண்ணியாவில், அந்த உண்மை மதிக்கப்படாதபோது நிகழ்ந்ததுதான் குறிஞ்சாக்கேணித் துயரம். புதிய பாலம் அமைக்கும் பணிக்காகப் பழைய பாலம் பாவனையிலிருந்து நீக்கப்பட்ட நிலையில், மக்கள் மீண்டும் மிதவையில் நீரைக் கடக்க நேர்ந்தது. 2021 நவம்பர் 23ஆம் திகதி காலையில் அந்த மிதவை கவிழ்ந்தது. பாடசாலை செல்லப் புறப்பட்ட சிறார்கள் உட்பட ஆறு பேர் அன்றைய தினமே உயிரிழந்தனர். பின்னர் அந்த எண்ணிக்கை மேலும் கூடியது. விபத்தின் பின்னர் நாடெங்கும் எழுந்த முதற்கேள்வி, அந்தச் சேவைக்கு அனுமதி வழங்கியது யார் என்பதாகும். வீதிக்குப் பொறுப்பான நிறுவனம் ஒன்று, உள்ளூராட்சி மன்றம் ஒன்று, சேவையை நடத்தியவர் இன்னொருவர். பொறுப்பு மூன்றாகப் பிரிந்தபோது பாதுகாப்பு எவருடைய பொறுப்பாகவும் இருக்கவில்லை. விபத்து நிகழ்ந்து ஆண்டுகள் கடந்த பின்னரும் பாலம் பூர்த்தியாகாது கிடந்தமை அந்த வேதனையை மேலும் ஆழமாக்கியது.

இங்கே நாம் கற்க வேண்டிய பாடம் யாதெனில், கட்டுமானக் காலமும் திட்டத்தின் ஒரு பகுதியே என்பதாகும். பாலத்துக்கான மதிப்பீட்டில் தூணுக்கும் கம்பிக்கும் சீமெந்துக்கும் தொகை ஒதுக்கப்படுகிறது. பாலம் முடியும்வரை பிள்ளைகள் எவ்வழியாகப் பாடசாலை செல்வார்கள் என்ற கேள்விக்குத் தொகை ஒதுக்கப்படுவதில்லை. தற்காலிக ஏற்பாடு என்று நாம் அழைப்பது சில வேளைகளில் பல ஆண்டுகள் நீடிக்கிறது. 2022இல் நாடு கடன் செலுத்த இயலாது தவித்த வேளையில் பல கட்டுமானங்கள் இடைநடுவில் நின்றமை இதற்குச் சான்று. ஆகவே, மாற்று வழி ஒன்றினைப் பாதுகாப்பாக ஏற்படுத்தாமல் பழைய பாலத்தை அகற்றக்கூடாது என்பதை ஒப்பந்தத்தின் நிபந்தனையாகவே எழுதிவிடுவது அவசியமாகும்.

இனி மின்சாரத்துக்கு வருவோம். கொட்டியாரக்குடாவின் கிழக்குக் கரையில், மூதூருக்கு அப்பால் உள்ளது சம்பூர். 2006இல் போர் மீண்டும் மூண்டபோது சம்பூர் மக்கள் ஊரைவிட்டு வெளியேறினர். அதே ஆண்டு ஓகஸ்டில் மூதூர் முஸ்லிம் மக்களும் உடுத்த உடையுடன் வெளியேறி இடம்பெயர்வின் கொடுமையை அனுபவித்தனர் என்பதை இங்கு நினைவுகூர்வது தகும். மூதூர் மக்கள் ஒப்பீட்டளவில் விரைவாகத் திரும்ப முடிந்தது. சம்பூர் மக்களால் முடியவில்லை. 2006 டிசெம்பரில் இந்தியாவின் தேசிய அனல் மின் கூட்டுத்தாபனத்துடன் நிலக்கரி மின்நிலையம் ஒன்றுக்கான உடன்பாடு எட்டப்பட்டது. 2007 மே மாதத்தில் மூதூர் கிழக்கு, சம்பூர் பகுதிகள் வர்த்தமானி மூலம் உயர் பாதுகாப்பு வலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டன. ஊர் மக்கள் கிளிவெட்டி முதலிய இடங்களில் முகாம்களில் காலம் கழித்தனர்.

500 மெகாவோட் ஆற்றல் கொண்டதாக வரையப்பட்ட அந்த மின்நிலையத்துக்காக 2011இல் இலங்கை மின்சார சபையும் இந்தியக் கூட்டுத்தாபனமும் சம பங்குடன் கம்பனி ஒன்றை அமைத்தன. 2013 ஒக்டோபரில் மின் கொள்வனவு உட்பட்ட உடன்படிக்கைகள் கைச்சாத்தாகின. நிலக்கரியை இறக்கும் இறங்குதுறை, சாம்பலைக் கொட்டும் நிலம், குளிர்விப்புக்காகக் கடல்நீரை எடுத்து வெந்நீராகத் திரும்ப விடும் ஏற்பாடு என்பன கொட்டியாரக்குடாவின் மீன்வளத்தை என்ன செய்யும் என்ற கேள்வியை மீனவரும் சுற்றாடல் அமைப்புகளும் எழுப்பினர். விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2016 செப்டெம்பரில், சம்பூரில் நிலக்கரி மின்நிலையம் அமைக்கப்படமாட்டாது என்று சட்டமா அதிபர் தரப்பு நீதிமன்றத்துக்கு அறிவித்தது. 2015, 2016ஆம் ஆண்டுகளில் காணிகள் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டு மக்கள் திரும்பலாயினர். பின்னர் அதே இடத்தில் சூரிய மின்சக்தித் திட்டம் வரையப்பட்டு, 2025 ஏப்ரல் 5ஆம் திகதி இந்தியப் பிரதமரும் இலங்கை ஜனாதிபதியும் 120 மெகாவோட் திட்டத்தைத் தொடக்கிவைத்தனர்.

முதல் உடன்பாட்டுக்கும் இந்தத் தொடக்க விழாவுக்கும் இடையில் கழிந்தவை 18 ஆண்டுகளுக்கும் மேல். அந்தக் காலத்தில் சம்பூரிலிருந்து ஓர் அலகு நிலக்கரி மின்சாரமும் கிடைக்கவில்லை. மாறாக ஏறத்தாழ பத்து ஆண்டுகள் ஊரிழந்து வாழ்ந்த மக்களின் உழைப்பும் பிள்ளைகளின் கல்வியும் வயல்களின் விளைச்சலும் கணக்கிலிருந்து கழிந்தன. போரும் பாதுகாப்புக் காரணங்களும் இதில் பெரும் பங்கு வகித்தன என்பதை நாம் மறைக்கவில்லை. ஆயினும், திட்டமிடல் என்ற ஒரே கோணத்தில் நோக்கினாலும் பிழை எங்கே நேர்ந்தது என்பது தெளிவாகிறது. எரிபொருள் முதலில் தெரிவாயிற்று; இடம் அடுத்துத் தெரிவாயிற்று; பங்காளி தெரிவானார்; அதன் பின்னர்தான் சுற்றாடல் ஆய்வு வந்தது. மாற்று வழிகளை ஒப்பிட வேண்டிய ஆய்வு, எடுத்த முடிவுக்கு நியாயம் தேடும் ஆய்வாகச் சுருங்கியது. முடிவு முந்தி ஆராய்வு பிந்தினால் ஆய்வுக்கு என்ன மதிப்பு இருக்க முடியும்?

எமது நாட்டின் சட்டம் இதனை அறியாததன்று. 1988இல் திருத்தப்பட்ட தேசிய சுற்றாடல் சட்டம் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியதுடன், அவ்வறிக்கையைப் பொதுமக்கள் பார்வையிட்டுக் கருத்துத் தெரிவிக்க 30 நாட்கள் அவகாசத்தையும் வழங்கியது. மின்துறையில், மின்சார சபை 20 ஆண்டுகளை நோக்கிய நீண்டகால உற்பத்தித் திட்டம் ஒன்றினை வரைந்து வருவதும், 2002ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு அதனைப் பரிசீலிப்பதும் நடைமுறையாயின. ஆகவே ஏட்டளவில் எமக்குக் குறைவில்லை. குறை எங்கேயெனில், அந்த ஏட்டுக்கு வெளியேயிருந்து திட்டங்கள் வந்து சேர்வதில்தான். இரு அரசாங்கங்களுக்கிடையிலான உடன்பாடு, கடன் வழங்குநரின் விருப்பம், தேர்தல் வாக்குறுதி ஆகிய மூன்று வாயில்கள் வழியாகவும் திட்டங்கள் நுழைகின்றன. நீண்டகாலத் திட்டம் பின்னர் அவற்றுக்கேற்பத் திருத்தி எழுதப்படுகிறது. போட்டிக் கேள்விப்பத்திரம் இன்றி மன்னாரிலும் பூநகரியிலும் காற்றாலை அமைக்க இந்திய நிறுவனமொன்றுடன் பேசப்பட்டதும், விலை பற்றியும் பறவைகள் பற்றியும் வழக்குகள் எழுந்ததும், 2025 பெப்ரவரியில் அந்த நிறுவனம் விலகிக்கொண்டதும் இந்த வரிசையில் அண்மைய உதாரணமாகும்.

நிலக்கரிக்குப் பதில் சூரிய ஒளி வந்துவிட்டது, இனிக் கவலையில்லை என்று எண்ணுவோரும் உளர். சூரிய மின்சாரத்தை நாம் வரவேற்கிறோம். ஆனால் மின்சாரம் என்பது உற்பத்தி நிலையம் மாத்திரமன்று. அது ஒரு வலையமைப்பு. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் நாடு முழுவதும் இருளில் மூழ்கியமை வாசகர்களுக்கு நினைவிருக்கும். பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு ஒன்று பாய்ந்ததே காரணம் என்று கூறப்பட்டபோது உலகமே நகைத்தது. ஆனால் நகைப்புக்கு அப்பால் ஒரு பொறியியல் உண்மை உண்டு. விடுமுறை நாட்களில் மின் தேவை குறைவு; வெயில் ஏறிய வேளையில் சூரிய மின்சாரம் மிகுதி. அவ்வேளையில், கனத்த சுழலிகளைக் கொண்ட நீர், அனல் நிலையங்கள் குறைவாகவே இயங்குகின்றன. சுழலும் அந்தக் கனம்தான் திடீர் அதிர்ச்சி நேரும்போது அலைவரிசை சரிந்துவிடாமல் சில விநாடிகள் தாங்கிப் பிடிக்கிறது. அந்தத் தாங்குதல் குறைந்திருந்தபடியால் ஓரிடத்து இடையூறு நாட்டையே கவிழ்த்தது. நாட்டின் ஒரேயொரு நிலக்கரி மின்நிலையமான, 900 மெகாவோட் நுரைச்சோலையும் அப்போது செயலிழந்தது. அடுத்த நாட்களில் மின்வெட்டு நேர்ந்தது. அதே ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக் காலத்தில், கூரைகளில் சூரியத் தகடு பொருத்தியவர்கள் பகல் வேளையில் அவற்றை நிறுத்திவைக்குமாறு கேட்கப்பட்டனர். கடன் பட்டுத் தகடு வாங்கிய குடும்பங்களிடம், உங்கள் மின்சாரம் இப்போது வேண்டாம் என்று கூற நேர்ந்த நிலைமை, உற்பத்தியை ஊக்குவித்த வேகத்தில் வலையமைப்பும் மின்சேமிப்பும் திட்டமிடப்படவில்லை என்பதற்கு அத்தாட்சியாகும்.

இது எமக்கு மாத்திரம் நேர்ந்த பிழையன்று. கென்யாவின் வடக்கே துர்க்கானா ஏரிக்கு அருகில் 365 காற்றாலைகளுடன் 310 மெகாவோட் திட்டம் 2017இல் கட்டி முடிக்கப்பட்டது. ஆனால் மின்சாரத்தைத் தலைநகர்ப் பக்கம் கொண்டுசெல்ல வேண்டிய 400 கிலோமீற்றருக்கும் அதிகமான பரிமாற்ற மார்க்கம் 2018 வரை முடியவில்லை. காற்று வீசியது, காற்றாலைகள் தயாராக நின்றன, மின்சாரம் போக வழியில்லை. ஒப்பந்தத்தின்படி கிடைக்காத மின்சாரத்துக்கும் கென்ய மக்கள் பணம் செலுத்த நேர்ந்தது. சம்பூரில் தகடுகள் எழுவதோடு பரிமாற்ற மார்க்கமும் மின்கல சேமிப்பும் ஒரே கால அட்டவணையில் முடிகின்றனவா என்பதை எமது மக்கள் பிரதிநிதிகள் கேட்க வேண்டியது இதனாற்றான்.

மின்சாரத்தையும் போக்குவரத்தையும் தனித்தனி அமைச்சுக்கள், தனித்தனி அலுவலகங்கள் திட்டமிடுவது மற்றொரு குறையாகும். இரண்டும் ஒன்றையொன்று சார்ந்தவை. திருகோணமலையில் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானியர் பயன்படுத்திய எண்ணெய்த் தாங்கிகள் 99 இன்றும் நிற்கின்றன. 2022 ஜனவரியில் செய்யப்பட்ட ஏற்பாட்டின்படி 14 தாங்கிகள் லங்கா ஐ.ஓ.சி. நிறுவனத்திடமும், 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடமும், எஞ்சிய 61 தாங்கிகள் இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்திடமும் அமைந்தன. அதற்குச் சில மாதங்களின் பின்னர் நாடெங்கும் மக்கள் நாட்கணக்கில் எரிபொருள் வரிசையில் நின்றனர். நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டும் நேர்ந்தது. எண்ணெயைச் சேமிக்க இயற்கைத் துறைமுகமும் தாங்கிகளும் இருந்தன; அவற்றைப் புதுப்பித்துப் பயன்படுத்த பல தசாப்தங்கள் போதவில்லை. மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குப் புகையிரதத்தில் செல்ல விரும்புபவர் இன்றும் பொலன்னறுவை வழியாகக் கல்லோயா சந்திக்குச் சென்று திரும்ப வேண்டும். துறைமுகம், எரிபொருள், மின்சாரம், வீதி, புகையிரதம் ஆகிய ஐந்தையும் ஒரே வரைபடத்தில் வைத்து நோக்கும் கண் எமக்கு இதுவரை வாய்க்கவில்லை.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. தேவை தோன்றுவதற்கு முன்பே பெருங்கட்டுமானம் எழுவது அது. 2010இல் அம்பாந்தோட்டைத் துறைமுகமும் 2013இல் மத்தள விமான நிலையமும் திறக்கப்பட்டன. எதிர்பார்த்த கப்பல்களும் வரவில்லை, விமானங்களும் வரவில்லை. 2017இல் துறைமுகம் 99 வருடக் குத்தகைக்கு, 112 கோடி டொலருக்குச் சீன நிறுவனமொன்றிடம் கையளிக்கப்பட்டது. வெருகலில் பயணிகள் இருந்தனர், பாலம் இருக்கவில்லை. மத்தளையில் விமான நிலையம் இருந்தது, பயணிகள் இருக்கவில்லை. ஒரே நாட்டில், ஒரே காலகட்டத்தில் இவ்விரண்டும் நிகழ்ந்தன என்றால், குறை நிதியில் மாத்திரம் இல்லை; எதற்கு முதலிடம் என்று தீர்மானிக்கும் முறையில் இருக்கிறது என்பதே பொருள்.

உலகெங்கும் இந்தக் குறை ஆராயப்பட்டுள்ளது. டென்மார்க்கைச் சேர்ந்த பென்ட் ஃபிளிவ்பியர்க் என்ற ஆய்வாளரும் அவரது சகாக்களும் 20 நாடுகளின் 258 போக்குவரத்துத் திட்டங்களை ஆராய்ந்து 2002இல் வெளியிட்ட முடிவுகள் பிரசித்தமானவை. பத்துத் திட்டங்களில் ஒன்பதில் செலவு மதிப்பீட்டை மீறியிருந்தது. சராசரியாகப் புகையிரதத் திட்டங்களில் ஏறத்தாழ 45 சதவீதமும், பாலங்கள், சுரங்கங்களில் 34 சதவீதமும், வீதிகளில் 20 சதவீதமும் செலவு கூடியிருந்தது. பிழை தற்செயலானது என்றால் சில திட்டங்களில் செலவு கூடியும் சிலவற்றில் குறைந்தும் இருந்திருக்கும். எப்போதும் ஒரே பக்கமே சாய்கிறது என்பதால், திட்டத்தை எப்படியாவது நிறைவேற்றிக்கொள்ள விரும்புவோர் செலவைக் குறைத்தும் பயனைக் கூட்டியும் காட்டுகின்றனர் என்ற முடிவுக்கு அவர்கள் வந்தனர். செல்வந்த நாடு இந்தப் பிழையைத் தாங்கிக்கொள்ளும். கடனில் வாழும் நாட்டில் அதே பிழை மருத்துவமனையின் மருந்தாகவும் பாடசாலையின் கதிரையாகவும் மாறி ஏழையின் வாசலில் வந்து நிற்கும்.

பரிகாரங்களும் கண்டறியப்பட்டுள்ளன. தென் கொரியா 1997ஆம் ஆண்டு நிதி நெருக்கடியில் அடிபட்ட பின்னர், 1999இல் ஒரு விதியை வகுத்தது. குறித்த தொகைக்கு மேற்பட்ட எந்தப் பொது முதலீடும், அதனை விரும்பும் அமைச்சின் ஆய்வை மாத்திரம் நம்பாது, சுயாதீன ஆய்வு நிறுவனம் ஒன்றின் பூர்வாங்கச் சாத்தியக்கூற்று ஆய்வைக் கடந்தாக வேண்டும். அன்று அந்த எல்லை 5,000 கோடி வொன். திட்டத்தைக் கேட்பவரும் அதனை மதிப்பிடுபவரும் ஒருவராக இருக்கக்கூடாது என்பதே அதன் சாரம். கணிசமான திட்டங்கள் அந்த வாயிலிலேயே தடுக்கப்பட்டன. சிலி நாடும் இதனையொத்த முறையைப் பல தசாப்தங்களாகக் கைக்கொண்டு வருகிறது. பிரித்தானியா 2003இல் இன்னொரு வழியைச் சேர்த்தது. முன்னைய திட்டங்களில் எவ்வளவு செலவு கூடியதோ அந்த அளவைப் புதிய திட்டத்தின் மதிப்பீட்டில் முன்கூட்டியே சேர்த்துக் கணக்கிடுவது அதுவாகும். இவற்றில் எதற்கும் பெருஞ்செல்வம் தேவையில்லை. ஒழுங்கும் நேர்மையுமே தேவை.

நிலம் பற்றியும் ஒரு வார்த்தை. சூரிய மின்சாரம் நிலக்கரியைவிடத் தூய்மையானதேனும் அதிக நிலத்தை வேண்டுவது. கர்நாடக மாநிலத்தின் பாவகடா சூரியப் பூங்கா ஏறத்தாழ 13,000 ஏக்கரில் 2,050 மெகாவோட் ஆற்றலுடன் அமைந்தது. அங்கு விவசாயிகளின் நிலம் சுவீகரிக்கப்படாமல் குத்தகைக்கு எடுக்கப்பட்டது. உரிமை உழவரிடமே இருந்தது, ஏக்கருக்கு ஆண்டுதோறும் 21,000 ரூபாய் என்ற அடிப்படையில் வருமானமும் கிடைத்தது. நிலமற்ற கூலித் தொழிலாளர் வேலையிழந்தனர் என்ற குறை அங்கும் உண்டு, அதனையும் கற்றுக்கொள்ளலாம். காணியை இழந்து திரும்பப் பெற்ற மக்கள் வாழும் மூதூர் கிழக்கில், காணியுரிமையைப் பறிக்காது ஆற்றலை உற்பத்தி செய்யும் வழிகள் இருக்கின்றன என்பது பெரும் ஆறுதல் தரும் செய்தியாகும்.

இவை யாவற்றுக்கும் மேலாக ஆறு இருக்கிறது. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலின்போது மகாவலி பெருகி, மாவிலாற்று அணைக்கட்டு உடைப்பெடுத்து, மூதூர், வெருகல் பிரதேசங்களின் தாழ்நிலங்கள் நீரில் மூழ்கின. 2006இல் மாவிலாற்று மதகு மூடப்பட்டு நீர் நின்றபோது போர் வந்தது. 2025இல் அதே மாவிலாறு உடைத்துக்கொண்டபோது வெள்ளம் வந்தது. தமிழ்க் கிராமம், முஸ்லிம் கிராமம், சிங்களக் கிராமம் என்று வெள்ளம் பேதம் பார்க்கவில்லை. தாழ்நிலத்தில் உயர்த்திக் கட்டப்படும் ஒவ்வொரு வீதியும் ஓர் அணையாகவும் மாறும் என்பதை வீதிப் பொறியியலாளர்கள் அறிவர். மதகுகளும் போக்குக்கான்களும் போதாவிடில் ஒரு பக்கத்து வீடுகள் மூழ்கி மறு பக்கத்து வயல்கள் காயும். மலைநாட்டில் பெய்யும் மழை வெருகலுக்கு வந்து சேர எடுக்கும் நேரம், வீதியின் உயரம், மதகின் அகலம், உபமின்நிலையத்தின் தரைமட்டம் ஆகியவற்றை ஒரே மேசையில் வைத்து நோக்காத எந்தத் திட்டமும் அடுத்த பெருவெள்ளத்தில் அடிபட்டுப் போகும்.

அவ்வாறெனில் செய்ய வேண்டியவை யாவை? முதலாவதாக, தேவையை எண்ணிப் பார்த்த பின்னரே திட்டத்தைத் தெரிவு செய்தல் வேண்டும். குறைந்தது மூன்று மாற்று வழிகளாவது ஒப்பிடப்பட்டு, அவற்றுள் ஏதும் செய்யாது பழையதைப் பழுதுபார்த்தல் என்பதும் ஒன்றாக இருத்தல் வேண்டும். இரண்டாவதாக, நிதி எந்த நாட்டிலிருந்து வந்தாலும் மதிப்பீடு சுயாதீனமானவர்களால் செய்யப்பட்டு வெளியிடப்படல் வேண்டும். நட்பு நாடு என்பது கேள்விப்பத்திரத்தைத் தவிர்க்கும் காரணமாகக் கூடாது. மூன்றாவதாக, அறிக்கைகள் தமிழிலும் சிங்களத்திலும் பிரதேச செயலகத்தில் கிடைக்க வேண்டும் என்பதோடு, மீனவர் சங்கமும் கமக்காரர் அமைப்பும் பள்ளிவாசல், ஆலய நிருவாகங்களும் விளங்கிக்கொள்ளும் மொழியில் எடுத்துக் கூறப்படவும் வேண்டும். நான்காவதாக, கட்டும் தொகையோடு பராமரிக்கும் தொகையும், கட்டுமானக் காலப் பாதுகாப்புக்கான தொகையும் ஆரம்பத்திலேயே ஒதுக்கப்படல் வேண்டும். ஐந்தாவதாக, ஒவ்வொரு திட்டமும் முடிந்து ஐந்து ஆண்டுகளின் பின்னர், சொன்ன பயன் கிடைத்ததா என்று மீளாய்வு செய்து மக்கள் முன் வைத்தல் வேண்டும். தவறு செய்வது இயல்பு. செய்த தவறை எழுதி வைக்காதிருப்பதே பெருந்தவறு.

இவை யாவும் காலதாமதத்தை ஏற்படுத்தும் என்று வாதிடுவோர் உண்டு. வளர்முக நாட்டுக்கு வேகமே முக்கியம் என்பது அவர்களது வாதம். இரண்டு ஆண்டுகள் ஆராய்ந்து முடிவெடுப்பது தாமதமா, ஆராயாது முடிவெடுத்து 18 ஆண்டுகளின் பின்னர் வேறொரு திட்டத்துக்குத் தொடக்க விழா நடத்துவது தாமதமா என்ற கேள்விக்கு அவர்கள் விடை கூறுவார்களாக.

கிழக்கில் தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரையொருவர் ஐயத்துடன் நோக்கிய காலங்கள் இருந்தன. அதன் வடுக்கள் இன்னும் முற்றாக ஆறவில்லை. எந்த ஊருக்கு வீதி, எந்த ஊருக்கு மின்மாற்றி என்பது அரசியல்வாதியின் தயவால் தீர்மானிக்கப்படும்வரை அந்த ஐயமும் நீடிக்கும். ஓர் ஊருக்குக் கிடைத்தது இன்னோர் ஊரிடமிருந்து பறித்தது என்றே தோன்றும். அளவுகோல் ஒன்று பகிரங்கமாக வைக்கப்பட்டு, அதன்படி முன்னுரிமை தீர்மானிக்கப்படுமாயின் காத்திருப்பவருக்கும் தாம் ஏன் காத்திருக்கிறோம் என்பது விளங்கும். ஆகவே நல்ல திட்டமிடல் என்பது பொருளாதார விடயம் மாத்திரமன்று, இன நல்லுறவின் விடயமுமாகும்.

வெருகல் பாலத்தின் மீது இன்று சித்திரவேலாயுதர் ஆலயத்துக்குச் செல்லும் அடியாரும், தோப்பூரிலிருந்து நெல் ஏற்றிச் செல்லும் வியாபாரியும் ஒரே வீதியில் செல்கின்றனர். குறிஞ்சாக்கேணியில் பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகள் சிலர் வீடு திரும்பவில்லை. அடுத்த திட்டத்துக்கு ஒப்பமிடப் பேனாவை எடுக்கும் கரங்கள் இவ்விரண்டையும் ஒருங்கே நினைவிற்கொள்ள வேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும்.